கைக்குக் கை

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பப் பயப்படுகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். பயப்படுகிறவர்கள்தான் ஒழுங்காகக் கடிதம் எழுதுவார்கள். கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்பார்கள். பிறகு பேச்சு மாறமாட்டார்கள். ஈப்போ ஞானதாஸ் அந்த ரகம். அதனால்தான் அவர் இறந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் ரைட்டர் ஏசுதாஸ் எழுதிக்கொள்ள வேண்டுமே. பார்த்தேன், கையெழுத்து அச்சுப்போல் இருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், சந்தோஷம். எனக்குத் தாகமில்லை.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். உள்ளே எல்லப்பன் இருக்கிறான். ஞானதாஸின் தங்கக் கடிகாரத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டுமரத்தை அவனே கவிழ்த்துவிட்டான் என்று உங்களுக்குச் சந்தேகம். வெளியே பெஞ்சில் மோசஸ் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். செத்தவருடைய பணம் அவர் வசம் இருந்ததால், எல்லப்பனுக்கு அவரும் உடந்தையாக இருப்பாரோ என்று இன்னொரு சந்தேகம். இரண்டுமே தவறு. கடிகாரம் அலையோடு போயிருக்கும். பணம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு ரசீதும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு பேரும் பிறத்தியார் காசுக்கு ஆசைப்படுகிறவர்கள் இல்லை. பண விஷயத்தில் ஒரு பொய் நிலைத்துவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் வாயைத் திறக்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். மதராஸில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். கம்பெனியை மூடியதும் மாமல்லபுரத்துக்கு வந்து, யாத்திரை ஏற்பாடுகளைச் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். பினாங்கு, ஈப்போ, கொழும்பு, சில சமயம் லண்டனிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். செங்கற்பட்டு ஸ்டேஷனுக்குக் கார் அனுப்புவது, திருக்கழுக்குன்றத்தில் உச்சிக்காலத்துக் கழுகைக் காட்டுவது, இங்கே கடலோர பங்களாவில் தங்க வைப்பது, சாப்பாடு, கற்கோயில்களைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. பினாங்கிலிருந்து வெளிவரும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சின்னதாக விளம்பரம் போடுவேன். ‘படாளம் பட்டாபிராமன், மாமல்லபுரம்’ என்று பெயர் இருக்கும். படாளம் எங்கள் பூர்வீகம். நிலமெல்லாம் விற்றாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தொழிலில் கஷ்டம் வெயிலோ கடலோ இல்லை, நம்பிக்கைதான். பார்க்காத ஊரில், பார்க்காத மனிதனுக்கு, கடல் தாண்டிப் பணம் அனுப்ப வேண்டும். எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஞானதாஸின் அக்கா குடும்பமே அப்படித்தான் ஏமாந்தது. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்ட ஏஜெண்ட் ஒருவன், கப்பல் வந்த அன்று தலைகாட்டவில்லை. குழந்தை குட்டிகளோடு அவர்கள் மதராஸ் துறைமுகத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் பிடித்துக் கேட்டபோது, ‘உங்கள் ஆள் மேசை மேல் வைத்தேன் என்கிறான், நான் எடுக்கவே இல்லை’ என்று சாதித்துவிட்டானாம். இதையெல்லாம் எழுதி, ‘நான் எப்படி உங்களை நம்புவது?’ என்று நேராகவே கேட்டிருந்தார் ஞானதாஸ். எனக்கு அந்தக் கடிதம் மிகவும் பிடித்திருந்தது.

நான் விரிவாகவே பதில் எழுதினேன். கவரில் நோட்டை வைத்து அனுப்பாதீர்கள். பாங்கு டிராப்டாக எடுங்கள். அதையும் என் பெயருக்கு எடுக்காதீர்கள். இங்கே நீங்கள் முழுமையாக நம்புகிற மூன்றாவது மனிதர் ஒருவரின் பெயருக்கு எடுங்கள். ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம், மூன்று தவணையாக இருக்கட்டும். வேலை முடிய முடிய அவர் கொடுக்கட்டும். ‘மேசையில் வைத்த காசு யார் காசும் இல்லை. கைக்குக் கை மாறினால்தான் பணம் மாறியதாக அர்த்தம். நாலு பேர் பார்க்க, கையில் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று அடிக்கோடிட்டு எழுதினேன்.

அந்த வாக்கியம் என்னுடையது. நான் அதை மறுக்கவில்லை.

மூன்றாவது மனிதர் என்றால் அவர் யாரைப் பிடிப்பார் என்று நினைத்தேன்? ஒரு வக்கீல், ஒரு போஸ்ட் மாஸ்டர், கோயில் தர்மகர்த்தா யாராவது. பெயர் ஞானதாஸ் என்பதால் கிறிஸ்தவர் என்று தெரியும். அதனால் என்ன? வெள்ளைக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான். அவர்கள் கையிலிருந்து எத்தனையோ தடவை பணம் வாங்கியிருக்கிறேன், கையும் குலுக்கியிருக்கிறேன். எனக்கு எந்த வித்தியாசமும் கிடையாது என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஐம்பத்தைந்தில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தபோது அதை வரி விடாமல் படித்தவன் நான்.

பொங்கல் கழிந்த வாரம் அவர் வந்தார். டாக்சியை எடுத்துக்கொண்டு செங்கற்பட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மதராஸ் ரயிலிலிருந்து இறங்கினார். நல்ல உயரம், சாம்பல் நிறக் கால்சட்டை, பளபளவென்று பூட்ஸ், மணிக்கட்டில் தங்கக் கடிகாரம். ஈப்போவில் லாரி ஓட்டிப் பிழைத்து, இப்போது சொந்தமாக லாரிகள் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தார். அவரை அழைத்துப்போக இன்னொருவரும் பிளாட்பாரத்தில் காத்திருந்தார். கதர்ச் சட்டை, குடை. அவர்தான் மோசஸ் வாத்தியார், ஞானதாஸுக்கு மாமா முறை, அவர் பிடித்த மூன்றாவது மனிதர். படாளம் சேரிக்குள் இருக்கிற மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

ஞானதாஸ் என்னைப் பார்த்ததும் சிரித்தார். மனசார வந்த சிரிப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“சார், பத்திரிகையில படாளம்னு பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன். ஊர்க்காரர் நம்மள ஏமாத்த மாட்டாருன்னு. எங்கப்பா உங்க பெரியப்பா நெலத்துல ஏர் ஓட்டினவரு. சின்னப்பன். ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. எங்கள் பெரியப்பா களத்துமேட்டில் நின்று கூலி அளப்பார். சின்னப்பன் கீழே துண்டை விரித்துப் பிடிப்பான். பெரியப்பா மேலிருந்து நெல்லைக் கொட்டுவார். ஒரு மணி சிந்தாது, அளவில் ஒருநாளும் குறையாது. நேர்மை எங்கள் குடும்பத்தில் புதிதாக வந்ததல்ல.

“அப்பா சொல்லுவாரு,” என்றார் ஞானதாஸ். “ஆண்டை அளவுல தப்பு பண்ணமாட்டாருடா, கைதான் நம்ம வரைக்கும் வராதுன்னு.” அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முதல் தவணை காரில் ஏறும்போது. மோசஸ் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். என் ஒரு கையில் குடை, மறு கையில் விருந்தாளியின் தோல்பை. “கை ஒழியலை, வண்டி மேலே வையும்” என்றேன். அவர் காரின் மூக்கின் மேல் வைத்தார். நான் பையை உள்ளே வைத்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டேன். டிரைவர் ராஜேந்திரன் வாயாடி. “இன்னா சாமி, வண்டிக்குப் படையலா? அப்டியே ஒரு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிட்டா கெளம்பிக்கினே இருக்கலாம்” என்றான். ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானதாஸ் சிரிக்கவில்லை. கார் மேலிருந்து நான் கவரை எடுத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்களாவில் எல்லாம் குறைவில்லாமல் செய்துகொடுத்தேன். புதுப் படுக்கை, கொசுவலை, குளிக்க வெந்நீர். சாப்பாடு வழக்கம்போல என் வீட்டிலிருந்து. என் மனைவி கோமளம் மட்டும் கேட்டாள்: “ஏன்னா, இவருக்கு இலையிலே கட்டிக் குடுத்துடட்டுமா? கேரியர்லே குடுத்தா பாத்திரம் திரும்பி வருமே.” சமையல்கட்டு விஷயங்களில் நான் தலையிடுவதில்லை. இலையில் கட்டிக் கொடுத்தாள். ருசியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இரண்டாவது தவணை பங்களாவில். ஞானதாஸ் குளித்துக்கொண்டிருந்தார். மோசஸிடம் மேசையைக் காட்டினேன். அவர் தயங்கித் தயங்கித்தான் வைத்தார். நான் கவரை எடுத்து மடியில் செருகும்போது ஞானதாஸ் துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

“மாமா வெச்சாரு, நீங்க எடுத்தீங்க. நடுவுல மேசை எதுக்கு சார்?”

நான் கவரை மடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

“மேசையில வெச்ச காசு யார் காசும் இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க? நான் அதை மனப்பாடமா வெச்சிருக்கேன். எங்க லாரி ஆபீஸ்ல எழுதிக்கூட மாட்டியிருக்கேன்.” அவர் குரல் உயரவே இல்லை. “பழக்கம் சட்டுனு விடாது. எனக்குத் தெரியும், கோவம் இல்ல. கடைசித் தவணைய மட்டும் நானே குடுக்கறேன். உங்க கையில. எங்கப்பாவுக்காக வேணாம் சார், நீங்க எழுதின எழுத்துக்காக.”

“ஆகட்டும்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று ஒரு இடத்திலும் காட்ட முடியாது. இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். என் ஆட்சேபணை முறையைப் பற்றியது மட்டுமே என்று எனக்கு நானே தெளிவுபடுத்திக்கொண்டேன். தவணை கொடுக்க வேண்டியவர் மூன்றாவது மனிதர். வாடிக்கைக்காரர் தானே கொடுப்பது முறையல்ல. ஏசுதாஸ், அதையும் எழுதிக்கொள். முறையல்ல.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு கூலியாகக் கப்பலேறிப் போனபோது, தளத்திலிருந்து பார்த்தால் கரையில் இந்தக் கடற்கரைக் கோயில் விரல் அளவுக்குத் தெரிந்ததாம். அப்பா காட்டினாராம். அதைக் கடலிலிருந்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். என் ஏற்பாடுகளில் அதுவும் உண்டு. எல்லப்பனிடம் அழைத்துப்போனேன்.

எல்லப்பனைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். இந்தக் குப்பத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு போய்வரத் தைரியமும் நிதானமும் உள்ளவன் அவன்தான். அவனிடம் ஒரு பழக்கம். கடலுக்குப் போகும்முன் கூலி வாங்கமாட்டான். ஞானதாஸ் பணத்தை எடுத்து நீட்டியதும் இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டான்.

“வேணா அண்ணாத்த, உள்ள வை. கரை ஏறினப்புறம் குடு.”

“இப்ப வாங்கினா என்ன?”

“இப்ப வாங்கிகினா, உன்ன பத்திரமா கொண்டாரணும்னு எனுக்கு இன்னா தலையெழுத்து?” என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தான் எல்லப்பன். “எங்கப்பன் காலத்துலேர்ந்து இதான். கால் நனையாத மணல்ல நின்னுகினு குடுக்கணும். அப்பத்தான் அது கூலி.”

ஞானதாஸுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தீங்களா சார், நீங்க ரெண்டு பக்கம் எழுதினத இவரு ஒரே பேச்சுல சொல்லிட்டாரு. அப்ப நம்ம கடைசித் தவணையும் அங்கதான். கரை ஏறினதும், இவருக்கும் உங்களுக்கும் ஒரே எடத்துல குடுத்துடறேன். குப்பமே பாக்கட்டும். நாலு பேர் பாக்கணும்னு எழுதியிருந்தீங்களே.”

இவருக்கும் உங்களுக்கும். ஒரே இடத்தில். ஒரே கையால். நான் தலையாட்டினேன்.

“நீந்தத் தெரியுமா?” என்று கேட்டேன். எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் நான் கேட்கிற கேள்விதான். தெரியாது என்றார்.

மறுநாள் சாயங்காலம், வெயில் தணிந்த நேரம். மழைக்காலம் முடிந்தும் கடல் அடங்கவில்லை. கட்டுமரம் வெளியே போவதில் அவ்வளவு சிரமமில்லை. திரும்பி வருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக வரும். பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்விலே புகுந்து கரைக்கு வந்துவிட வேண்டும். கட்டுமரத்தில் தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பின்னால் வருவது சரியாகத் தெரியாது. அதனால் கரையில் ஒருவர் மணல்மேட்டில் ஏறி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். துணியைக் கீழே பிடித்தால் ‘பொறு’. தலைக்கு மேல் தூக்கினால் ‘வா’. துணி உயர்ந்ததும் வருகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான். துடுப்பைப் போட்டு வந்துகொண்டே இருப்பான். எல்லப்பனுக்கு எப்போதும் மேட்டில் நிற்பவள் அவன் மனைவி வேண்டா.

அன்றைக்கும் அவள்தான் நின்றிருந்தாள். நான் போய், “வேண்டா, வர்றவர் தாகத்தோட வருவார். தோப்புக்குப் போய் நாலு இளநீர் வெட்டிண்டு வா” என்றேன்.

“நல்லா கீதே சாமி. புருசன் கடல்ல கீறாரு, நான் எளநிக்குப் போவட்டா?”

“நான் நிக்கறேன். எத்தனை வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“சாமி கண்ணு அம்மாந் தொலவு பத்துமா?”

“உன் முகத்திலே மூக்குத்தி கோணலாயிருக்கிறது தெரியறது, அது தெரியாதா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டே போனாள். விருந்தாளிக்கு இளநீர் கொடுப்பது உபசாரம். என் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் கொடுப்பதுண்டு. அன்றைக்கும் அந்த நினைப்போடுதான் அனுப்பினேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது, அவளை அனுப்பிய பிறகு இளநீர் ஞாபகமே எனக்கு இல்லை என்பதும் தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

மோசஸ் கீழே பாறையோரம் கவரோடு உட்கார்ந்திருந்தார். அவர் வயல்காட்டுக்காரர், அலை தெரியாது. குப்பத்து ஆட்கள் கொஞ்சம் தள்ளி வலை காயப்போட்டிருந்தார்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. ‘மலேயாக்காரரு கரை ஏறினதும் ஐயிருக்கு டப்பு குடுக்கப்போறாராம், கையில’ என்று ஒரு கிழவன் சொல்வது காற்றில் காதில் விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.

கட்டுமரம் அலைகளுக்கு அப்பால் வந்து நின்றது. நான் அங்கவஸ்திரத்தை எடுத்துக் கீழே பிடித்தேன். ‘பொறு.’ எல்லப்பன் பொறுத்தான். ஒரு கூட்டம் வந்து உடைந்தது. பிறகு கடல் ஓய்ந்தது. அப்போது தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஓய்வு முடிந்தது. தூரத்தில் அடுத்த கூட்டம் எழும்பியது. தண்ணீர் கறுத்து, முதுகு மாதிரி மேடிட்டு வந்தது. ஒன்று, அதன் பின்னால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் கண் இப்போதும் நல்ல கண்.

ஞானதாஸ் கட்டுமரத்தில் குந்தியிருந்தபடியே கையை உயர்த்தி ஆட்டினார். என்னைப் பார்த்துத்தான். அப்பாவோடு பார்த்த கோயிலைப் பார்த்துவிட்ட சந்தோஷம். அந்தக் கை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது என் முன்னால் நீளும். இவ்வளவு தூரத்திலிருந்தே நீட்டிவிட்டதுபோல் இருந்தது.

நான் அங்கவஸ்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

அவ்வளவுதான். நான் யாரையும் தள்ளவில்லை, அடிக்கவில்லை. தொடக்கூட இல்லை. கையைத் தூக்கினேன்.

எல்லப்பன் துணியைப் பார்த்தான். திரும்பிப் பார்க்காமல் துடுப்பைப் போட்டான். வலை அருகில் யாரோ கத்தினார்கள். அதற்குள் அலை கட்டுமரத்தைப் பின்னாலிருந்து தூக்கிச் செங்குத்தாக நிறுத்திக் கவிழ்த்தது. இரண்டாவது அலை அதன்மேல் உடைந்தது. எல்லப்பன் மேலே வந்தான், மூழ்கினான், மறுபடி வந்தான், மறுபடி உள்ளே போனான். அவன் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே போகவில்லை என்பதைக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தோம். ஞானதாஸைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பூட்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அது என்னுடைய கவனக்குறைவு.

எல்லப்பன் மணலில் மண்டியிட்டு அவர் வயிற்றை அமுக்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் தோள் மரத்தில் அடிபட்டுக் கிழிந்திருந்தது.

“சாமி, பெருசு வந்துகினு இருந்துச்சே. உனுக்குத் தெரியலியா சாமி?”

“தெரியலைப்பா” என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் பிறரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எல்லப்பனும் செத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். இருக்கலாம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் கட்டுமரத்தில் இன்னொருவன் இருக்கிறான் என்பது என் மனதிலேயே இல்லை. அவன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவன்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. வேண்டா தலையில் இளநீர்க் குலையோடு ஓடிவந்து, மணலில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘நான் போயிருக்கக்கூடாது, நான் போயிருக்கக்கூடாது’ என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். இப்போதும் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று வெளியே போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஞானதாஸைப் படாளத்தில் அவர்கள் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஈப்போவுக்குத் தந்தி நான்தான் கொடுத்தேன். அது என் பொறுப்பு.

அடக்கம் ஆன மறுநாள் காலையில் மோசஸ் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கடைசித் தவணைக் கவரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“கரை ஏறினதும் ஐயா கையில குடுக்கணும்னு சொல்லியிருந்தாரு. கரை ஏறிட்டாரு,” என்றார். கவரை நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எதற்கு? கார், பங்களா, சாப்பாடு, கடல், எல்லா ஏற்பாடுகளையும் செய்து முடித்திருக்கிறேன். உழைத்த கூலியை வாங்காமல் விட்டால்தான் சந்தேகம் வரும். இறந்தவரின் சொல்லைக் காப்பாற்றுவதும் ஒரு மரியாதை. ஆனால் நீட்டிய கைகளைப் பார்த்தேன், தெருவையும் பார்த்தேன். தெருவில் அப்போது யாரும் இல்லை.

“கீழே வையும்” என்றேன்.

மோசஸ் நகரவில்லை. என்னையே பார்த்தார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அவரு கரை ஏறக்கூடாதுன்னுதானே ஐயா?” என்றார். கேள்வி மாதிரியே இல்லை. குனிந்து கவரை வாசல் மண்ணில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் போனார். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். நீங்களோ அவரையே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

கோமளத்தைக் கூப்பிட்டுச் சொம்பில் ஜலம் கொண்டுவரச் சொன்னேன்.

“பணத்துக்கு எதுக்குன்னா ஜலம்? முந்தாநேத்திக்குச் செத்தவாளோட பணம்...” என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் கவரின்மேல் கொஞ்சம் தெளித்து எடுத்து, உலர்த்தி, பெட்டியில் வைத்தேன். ஒரு காசு செலவழிக்கவில்லை. ஈப்போவில் அவர் சம்சாரம் கேட்டால் அனுப்பிவிடலாம். அனுப்பும்போது டிராப்டாக எடுங்கள், கவரில் நோட்டை வைக்காதீர்கள்.

ஆக, நடந்தது இதுதான். எல்லப்பனைத் திறந்துவிடுங்கள். அவன் தோளுக்குக் கட்டுப்போட வேண்டும். மோசஸ் வாத்தியாரையும் வீட்டுக்கு அனுப்புங்கள். ஞானதாஸைக் கொன்றவன் நான். தெரிந்தே செய்தேன். ‘வா’ என்று துணியைத் தூக்கியபோது என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும்.

காரணம் என்று என்ன எழுதியிருக்கிறார் ரைட்டர்? படிக்கச் சொல்லுங்கள். ‘ஜாதி பேதம் காரணமாக.’ இல்லை, அது தவறு. அதை அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது. ஆரம்பத்திலேயே விளக்கினேனே. பணம் கொடுக்கும் முறையைப் பற்றி எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் என்னை அறிவார்கள்.

அடித்துவிட்டாரா? சரி. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஏசுதாஸ், பேனாவை அப்படி நீட்டிக்கொண்டு நிற்காதேயப்பா. மேசை மேல் வை. நான் எடுத்துக்கொள்கிறேன்.